முழங்கால் வலிக்கு நிற்க வைத்து எக்ஸ்ரே எதற்கு?

கேள்வி: முக்கூடலில் இருக்கிறோம். அம்மாவுக்கு 61 வயது. தரையில் உட்கார்ந்து பீடி சுற்றுகிறவர். சில மாதங்களாக வலது முழங்காலில் வலி. சுவரைப் பிடித்துத்தான் எழுந்திருக்கிறார். இங்கே படுக்க வைத்து எடுத்த எக்ஸ்ரேயில் பெரிதாக ஒன்றுமில்லை என்றார்கள். பாளையங்கோட்டையில் காட்டினால், நிற்க வைத்து இரண்டு முழங்காலையும் மறுபடி எடுக்கச் சொல்கிறார்கள். இடுப்புக்கும் ஒரு படம் எழுதியிருக்கிறார்கள். வலி முழங்காலில் இருக்க, இடுப்புக்கு எதற்கு? இத்தனை எக்ஸ்ரே எடுக்கலாமா?

பதில்: எடுங்கள். முதல் படமும் வீண் இல்லை. முறிவோ கட்டியோ இருந்தால் பெரும்பாலும் அதிலேயே தெரிந்திருக்கும். ஆனால் தேய்மானம் இருக்கிறதா இல்லையா என்பதற்கு அதை நம்ப முடியாது.

எலும்பு முனைகளை மூடியிருக்கும் மெத்தை போன்ற குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் விழாது. தொடை எலும்புக்கும் கீழ்க்கால் எலும்புக்கும் நடுவே கறுப்பாகத் தெரியும் இடைவெளியை வைத்துத்தான் அதன் கனத்தை ஊகிக்கிறோம். படுத்திருக்கும்போது மூட்டில் பாரம் கிடையாது. தேய்ந்த மூட்டிலும் இடைவெளி தாராளமாகவே தெரியும். எழுந்து நின்றால் உடம்பின் எடை இறங்கி எலும்புகள் நெருங்கும். பெரும்பாலோருக்கு உட்பக்கம்தான் முதலில் குறுகும். கால் வில்லாக வளைந்திருப்பதும் நின்றால்தான் சரியாகத் தெரியும்.

நின்றால் மட்டும் போதாது, எப்படி நிற்கிறார் என்பதும் முக்கியம். வலிக்கிறவர்கள் தங்களை அறியாமலே நல்ல காலில் பாரத்தைப் போட்டுவிடுவார்கள். அப்புறம் படுத்து எடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் இருக்காது. அதனால் இரண்டு காலிலும் சமமாக ஊன்றி, முழங்காலை முடிந்தவரை நீட்டி, சிரட்டை (முழங்காலின் முன்னால் இருக்கும் சில்லு எலும்பு) நேர் முன்னால் பார்க்கும்படி நிற்க வேண்டும். பாதத்தை விரித்து வைத்தால் கால் வெளிப்பக்கம் திரும்பிவிடும். கதிர் முன்னாலிருந்து மட்டமாக, சிரட்டையின் கீழ் நுனிக்கு 1 முதல் 1.5 செ.மீ. கீழே வர வேண்டும். கதிர் வரும் குழாய்க்கும் படம் விழும் தகட்டுக்கும் வழக்கமாக 100 செ.மீ. தூரம். கதிர் சாய்ந்து விழுந்தால் கீழ்க்கால் எலும்பின் மேல்தளத்து முன் விளிம்பும் பின் விளிம்பும் தனித்தனிக் கோடாக விழுந்து, நல்ல மூட்டும் தேய்ந்ததுபோல் காட்டும். படம் கையில் வந்ததும் நீங்களே ஒன்றைப் பார்க்கலாம்: சிரட்டை நடுவில் இருக்க வேண்டும், கீழ்க்காலின் வெளிப்பக்கத்துச் சிற்றெலும்பின் தலை, பக்கத்திலுள்ள பெரிய எலும்போடு ஓரளவு மேற்படிந்து தெரிய வேண்டும். முழுக்க மறைந்திருந்தால் கால் வெளிப்பக்கம் திரும்பியிருந்தது என்று அர்த்தம்.

பக்கவாட்டுப் படத்துக்கு முழங்காலை 20 முதல் 30 பாகை மடக்கினால் போதும். எழுந்திருக்கும்போதும் படி ஏறும்போதும்தான் வலி அதிகம் என்றால் சிரட்டையின் பின்பக்கத்தைச் சந்தேகிக்க வேண்டும். அதற்கு மடக்கிய முழங்காலில் சிரட்டைக்கும் தொடை எலும்புக்கும் நடுவே கதிர் போகும்படி எடுக்கும் 'ஸ்கைலைன்' படம் உண்டு. உங்கள் அம்மாவுக்கு அதை எழுதவில்லை என்றால் கேட்டுப் பாருங்கள். தரையிலிருந்து எழுகிறவர்களுக்கு அது பெரும்பாலும் உதவும்.

இனி இடுப்பு. இடுப்பு மூட்டுக்குப் போகிற நரம்புகளே முழங்காலுக்கும் கிளை விடுகின்றன. அதனால் இடுப்பில் தேய்ந்த சிலருக்கு வலி முழங்காலில் மட்டும் தெரியும். முழங்காலுக்கே மாதக்கணக்கில் மாத்திரையும் தைலமும் ஓடிக்கொண்டிருக்கும். நாற்காலியில் உட்கார வைத்து, முழங்கால் அசையாமல் பாதத்தை மட்டும் வெளிப்பக்கம் மெல்லத் தள்ளிப் பாருங்கள். தொடை இடுக்கில் வலித்தாலோ, மறுகாலைவிடக் குறைவாகத் திரும்பினாலோ, இடுப்பைப் பார்த்தே ஆக வேண்டும்.

அந்தப் படத்துக்கு மல்லாக்கப் படுக்க வைத்து, கட்டைவிரல்கள் நெருங்கவும் குதிகால்கள் விலகவும் இரண்டு காலையும் 15 முதல் 20 பாகை உட்பக்கம் திருப்புவார்கள். ஏதோ இறுக்கிக் கட்டுகிறார்கள் என்று அம்மா பயப்பட வேண்டாம். தொடை எலும்பின் கழுத்து, அதாவது அதன் உருண்டைத் தலைக்குக் கீழே ஒடுங்கிய பகுதி, இயல்பாகவே முன்னோக்கி முறுகியிருக்கும். இப்படித் திருப்பினால்தான் அது முழு நீளத்துக்கும் விழும். பாதம் தன்போக்கில் வெளியே சாய்ந்தால் கழுத்து குட்டையாகத் தெரியும், உட்பக்கத்துச் சிறு புடைப்பு பெரிதாக நீட்டிக்கொண்டிருக்கும். ஒரு விலக்கு: கீழே விழுந்தபின் கால் குட்டையாகி வெளிப்பக்கம் திரும்பிக் கிடந்தால் யாரும் அதைத் திருப்பக்கூடாது. முறிவு விலகிவிடும். இருந்தபடியே எடுத்து, பக்கவாட்டுப் படத்தைக் கதிரை மட்டமாக விட்டு எடுத்துக்கொள்வார்கள்.

கதிர்வீச்சைப் பற்றி: முழங்கால் படத்தில் கிடைப்பது, இயற்கையாக ஒரு நாளில் நமக்குக் கிடைப்பதைவிடக் குறைவு. இடுப்புக்கு அதைவிடக் கூடுதல். ஆனாலும் சில மாதங்களில் இயற்கையாகக் கிடைப்பதற்கு மேல் போகாது. இந்த வயதில் அது தடையே இல்லை. கர்ப்பமாக இருக்கலாம் என்கிற பெண்கள் மட்டும் முன்கூட்டியே சொல்ல வேண்டும்.

போகும்போது பழைய படத்தையும் கொண்டுபோங்கள். இடுப்பில் செருகிய சுருக்குப் பை, ஊக்கு, தாயத்து கோத்த அரைஞாண் எல்லாவற்றையும் கழற்றிவிடச் சொல்லுங்கள். அவை மூட்டின் மேலேயே நிழலாக விழுந்தால் மறுபடி எடுக்க வேண்டிவரும். நிற்கத் தடுமாறுகிறார் என்றால் முதலிலேயே டெக்னீஷியனிடம் சொல்லுங்கள், பிடித்துக்கொள்ள ஏதாவது தருவார். முழங்கால் சூடாக வீங்கிக் காய்ச்சலும் அடித்தால் எக்ஸ்ரே தேதிக்காகக் காத்திருக்காமல் அன்றைக்கே பாளையங்கோட்டை ஹைகிரவுண்ட் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள்.