'பப்ளி'யா, 'சப்பி'யா?

கேள்வி: அக்கா, அண்ணன் மகளைக் கொஞ்சும்போது "ரொம்ப பப்ளி" என்றேன். பக்கத்தில் இருந்தவர் "அது சப்பி" என்று திருத்தினார். இந்த இரண்டு ஆங்கிலச் சொற்களில் (bubbly, chubby) எது சரி?

பதில்: பிள்ளையின் கன்னத்தைச் சொன்னீர்கள் என்றால், திருத்தியவர் சொன்னதுதான் சரி. பப்ளிக்கும் உடல்வாகுக்கும் சம்பந்தமே இல்லை. பபிள் என்றால் குமிழி. நுரைத்துப் பொங்குவதுபோல் சிரிப்பும் பேச்சுமாக இருக்கும் ஆளைத்தான் பப்ளி என்பார்கள். ஒடிசலான பெண்ணும் பப்ளியாக இருக்கலாம். கொழுகொழு உடம்புக்குச் சொல் சப்பி. இரண்டும் காதில் ஒன்றுபோல விழுவதால் நம் பேச்சில் இடம் மாறிவிட்டன என்று நினைக்கிறேன்.

கேள்வி: 'சப்பி' என்று எழுதினால் மிட்டாய் சப்பியதுபோல் இருக்கிறதே!

பதில்: எனக்கும் சிரிப்புதான், என்ன செய்வது! 'பச்சை'யில் வரும் ச்ச ஓசையில் தொடங்கி, 'அம்பு'வில் வரும் மெல்லிய ப-வில் முடியுங்கள்.

கேள்வி: இந்தச் சொல் எங்கிருந்து வந்தது?

பதில்: மீனிலிருந்து! ஐரோப்பிய ஆறுகளில் சப் என்றொரு தடித்த மீன் உண்டு. 17ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், அந்த மீனைப்போலக் குட்டையாகத் திரண்டிருப்பவரை சப்பி என்றார்கள். பிறகுதான் அது குழந்தைகளின் கன்னத்துக்கும் விரலுக்கும் வந்து சேர்ந்தது. நாமும் கெண்டைக்கால் என்கிறோமே.

கேள்வி: நெடுநாள் கழித்துப் பார்த்த தோழியிடம் ஆசையாக "யூ லுக் சப்பி" என்றேன். முகம் வாடிவிட்டது. நல்ல சொல்தானே?

பதில்: குழந்தைக்கு நல்ல சொல். மணிக்கட்டில் நூல் கட்டியதுபோல் மடிப்பு விழும் ஒரு வயதுப் பிள்ளையை சப்பி என்றால் தாய்க்குப் பூரிப்பு. அதையே முப்பது வயதுக்காரரிடம் சொன்னால், "குண்டாயிட்டீங்க" என்றுதான் காதில் விழும். முன்னால் 'எ லிட்டில்' சேர்த்தாலும் குத்தல் குறையாது. பிளம்ப் என்ற சொல் நம் 'பூசினாற்போல' என்பதற்குக் கிட்டத்தட்டப் பொருந்தும். கதையில் எழுதலாம், நேரில் அதுவும் வேண்டாம். இதற்குப் பயந்து நம்மில் பலர் "கொஞ்சம் ஹெல்த்தியா இருப்பார்" என்று பூசி மெழுகுவார்கள். நமக்குப் புரியும். வெளியூர் ஆங்கிலேயர் ஒருவரிடம் சொன்னால், நோய்நொடி இல்லாதவர் என்று மட்டுமே எடுத்துக்கொள்வார். தோழியிடம் "உன்னைப் பார்த்ததில் சந்தோஷம்" என்று சொல்லியிருக்கலாம்.

கேள்வி: ஃபேட்டி, ஒபீஸ், ஸ்டாக்கி எல்லாம் ஒன்றுதானா?

பதில்: இல்லை. கொழுப்பு மிகுந்த இறைச்சிக்கு ஃபேட்டி என்பது சரி. ஆளைச் சொன்னால் வசவு. ஒபீஸ் மருத்துவரின் சொல்: பெரியவர்களுக்கு உடல் நிறை குறியீட்டெண் (பி.எம்.ஐ., உயரத்தோடு ஒப்பிட்டு எடையைச் சொல்லும் எண்) 30 அல்லது அதற்கு மேல் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. ஸ்டாக்கி என்றால் குட்டையான, கட்டுமஸ்தான உடம்பு. அதில் வலு தெரியும், சப்பியில் மென்மைதான் தெரியும்.

கேள்வி: 'மோர் சப்பி' என்று சொல்லலாமா?

பதில்: வேண்டாம். ஒருவரைவிட மற்றவர் என்றால் சப்பியர், எல்லாரையும்விட என்றால் சப்பியஸ்ட். எழுதும்போது கடைசி 'ஒய்' என்ற எழுத்து 'ஐ' ஆகிவிடும்.

கேள்வி: அப்படியானால் பப்ளியைத் தைரியமாகப் பாராட்டாகச் சொல்லலாமா?

பதில்: சொல்லலாம், பெரும்பாலும் பெண்களுக்கே சொல்கிறார்கள். ஆனால் விருந்தில் யாராவது "சம் பப்ளி?" என்று கேட்டால் உங்கள் குணத்தைப் பாராட்டுகிறார் என்று நினைத்துவிடாதீர்கள். குமிழி பொங்கும் ஒயினான ஷாம்பெயின் வேண்டுமா என்று கேட்கிறார்.