புரையோடு சேர்த்து ஸ்டென்ட் வைக்கலாமா?

காவேரிப்பட்டினத்தில் இருக்கும் அப்பாவுக்குப் புரை எடுக்கும்போதே கண் அழுத்த நோய்க்கு (க்ளாக்கோமா) ஐஸ்டென்ட்டும் வைக்கச் சொல்கிறார்கள், சம்மதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். நோய் ஆரம்ப நிலையிலோ நடுத்தர நிலையிலோ இருந்து, கண்ணுக்குள் நீர் வடியும் இடமான கோணமும் திறந்திருந்தால் தாராளமாகச் செய்யலாம். ஐஸ்டென்ட் என்பது சுமார் 1 மில்லிமீட்டர் டைட்டானியக் குழாய்தான். புரைக்குப் போடும் அதே கீறல் வழியாக உள்ளே போய், கண்ணுக்குள் ஊறும் நீர் வடிய வழி விடுகிறது. கோணத்தைக் கோனியோஸ்கோப்பியில் (தனி லென்ஸ் வைத்துக் கோணத்தைப் பார்க்கும் சோதனை) பார்த்தார்களா என்று முதலில் கேளுங்கள். பார்வை நரம்பு ரொம்பக் கெட்டிருந்தால் இது பெரும்பாலும் போதாது, ட்ராபெகுலெக்டமி (கண்ணின் நீர் வெளியேறப் புது வழி திறக்கும் அறுவை சிகிச்சை) தேவைப்படலாம். அதற்காகச் சேலமோ பெங்களூரோ போக நேர்ந்தாலும் தயங்காதீர்கள்.

அப்புறம், புரை மறைத்த பார்வைதான் திரும்பும், அழுத்தம் தின்றது திரும்பாது. அப்பாவிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், பாவம், ரொம்ப எதிர்பார்த்திருப்பார். சொட்டு மருந்து குறையலாம். ஆனால் டாக்டர் சொல்லாமல் ஒரு வேளைகூட நிறுத்தக் கூடாது.