ஜோம் எந்த ஆண்டில் போய் விழுகிறான்?

மூன்று பகுதி பார்த்துவிட்டு “இந்த ஜோம் காலம் தாண்டிப் போனது பழைய காலமா, எதிர்காலமா? ஆண்டு 24-ல் தொடங்குகிறதே! வெள்ளைக்காரர் ஏன் இருக்கிறார்?” என்று குழம்பிக் கேட்டிருந்தீர்கள். ‘ஐ ஃபீல் யூ லிங்கர் இன் தி ஏர்’ (2023) என்ற தாய்லாந்துத் தொடரைப் பார்க்கிற பலருக்கும் வருகிற குழப்பம்தான்.

தாய்லாந்தில் புத்த ஆண்டுக் கணக்கு. அதில் 543-ஐக் கழித்தால் நம் கணக்கு வந்துவிடும். ஜோம் போய் விழும் 2470 என்றால் ஏறக்குறைய 1927, ஆக பழைய காலம்தான். அப்போதெல்லாம் அங்கே புத்தாண்டு ஏப்ரலில் பிறந்ததால் ஜனவரி முதல் மார்ச் வரை ஓர் ஆண்டு தள்ளிப்போகும். கதைக்கு அந்த நுணுக்கம் தேவையில்லை, விடுங்கள்.

வெள்ளைக்காரர் விஷயம்தான் சுவையானது. சயாம் (தாய்லாந்தின் பழைய பெயர்) எந்த ஐரோப்பிய நாட்டுக்கும் அடிமைப்படவில்லை. ஆனால் கதை நடக்கும் வடக்குப் பகுதியான சியாங் மாய்க் காடுகளில் தேக்கு வெட்டியதில் பெரும்பங்கு ஆங்கிலேயக் கம்பெனிகளுக்கு. தொடரில் வரும் ராபர்ட் போன்ற வெள்ளைக்கார மரவியாபாரிக்கு அவ்வளவு செல்வாக்கு இருப்பது அதனால்தான். சியாங் மாய்க்கென்று ஓர் அரச குடும்பம் அப்போதும் இருந்தது. ஆனால் அதிகாரம் பாங்காக்கிடம் போய்விட்டது. வேலைக்காரர்கள் வேறு மாதிரிப் பேசுவது வடக்கத்திப் பேச்சு, காதில் கோளாறு இல்லை.

அப்புறம், காதலிக்கும் யாயும் (எஜமான் வீட்டு மகன்) அந்த வீட்டில் வேலைக்காரனாக இருக்கும் ஜோமும் ஏன் இப்படிப் பயப்படுகிறார்கள் என்றீர்களே. 1908 தண்டனைச் சட்டப்படி ஆணும் ஆணும் உறவுகொள்வது குற்றம். 1956 வரை சட்டத்தில் இருந்தாலும் அதை வைத்து வழக்குப் போட்டது அரிது. என்னைக் கேட்டால், தொடரில் அவர்களை நெரிப்பது சட்டத்தைவிட குடும்ப கௌரவமும் எஜமான்–வேலைக்காரன் இடைவெளியும்தான். நான்காம் பகுதியிலிருந்து அதைக் கவனித்துப் பாருங்கள்.