ஏலத்தில் போன வீடு, மிஞ்சின காசு

கேள்வி: யாழ்ப்பாணம் கொக்குவிலில் இருந்து எழுதுகிறேன். கலியாணம் முடித்து ஏழு வருஷத்துக்குப் பிறகு என் கணவர் இரண்டு பரப்புக் காணி வாங்கி வீடு கட்டினார். உறுதி அவர் பெயரில். கடையைப் பெருப்பிக்க அதை வங்கியில் ஈடு வைத்து 65 இலட்சம் எடுத்தார், கட்ட முடியவில்லை. போன வருஷம் பங்குனியில் வங்கி வழக்கில்லாமலே ஏலம் விட்டது. வட்டியோடு கடன் 81 இலட்சம் நின்றது. வெளியாள் ஒருவர் 1 கோடியே 20 இலட்சத்துக்கு எடுத்தார். ஆவணியில் கணவர் மாரடைப்பால் போய்விட்டார். இப்போது ஒருவர் வந்து, "வங்கியில் உங்கள் காசு கிடக்கிறது, எடுத்துத் தாறன், மூன்றில் ஒன்று எனக்கு" என்று கையெழுத்துக் கேட்கிறார். அப்படிக் காசு இருக்குமா? மகள் என்னோடு, மகன் கனடாவில்.

பதில்: இருக்கும், தங்கச்சி. முதலில் அந்த மனிதரின் கடதாசியில் கையெழுத்து வைக்காதீர்கள். ஏலச் செலவைக் கழிக்காமல் பார்த்தால், 81 போக 39 இலட்சம். அதில் மூன்றில் ஒன்று 13 இலட்சம். ஒரு கடிதம் எழுதுவதற்கு இவ்வளவு கூலியா?

வழக்கில்லாமல் ஏலம் விட வங்கிகளுக்கு அதிகாரம் கொடுப்பது 1990ஆம் ஆண்டின் 4ஆம் இலக்கச் சட்டம். பராட்டே என்று பேப்பரில் அடிபடுகிறதே, அதுதான். அந்தச் சட்டமே மிச்சத்துக்கும் வழி சொல்கிறது: கடனையும் ஏலச் செலவுகளையும் கழித்து மீதியைக் கடனாளிக்கோ, அவருக்குரியதைப் பெறச் சட்ட உரிமை உள்ளவருக்கோ கொடுக்க வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று வங்கிக்கு ஐயம் வந்தால் காணி இருக்கும் பகுதி மாவட்ட நீதிமன்றத்தில் கட்ட வேண்டும். ஆக, வங்கி இரக்கப்பட்டுத் தருகிற காசில்லை இது.

அப்படியானால் ஏன் இன்னும் வரவில்லை? நான் முப்பது வருஷம் வங்கிக் கடன் பிரிவில் இருந்தவன். ஒருமுறை அரியாலைக் குடும்பம் ஒன்றுக்கு, மிச்சத்தை வந்து வாங்குங்கள் என்று கடிதம் அனுப்பினோம். அது திரும்பி வந்தது. உறையைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டேன்: நாங்களே ஏலம் விட்ட வீட்டின் விலாசத்துக்குத்தான் அனுப்பியிருந்தோம்! அந்தக் காசு நெடுநாள் தொங்கற் கணக்கில், அதாவது யாருக்கென்று தீராத காசைப் போட்டு வைக்கிற கணக்கில் கிடந்தது. உங்களுடையதும் அப்படிக் கிடக்கலாம்.

இனி, காசு யாருக்கு? இங்கேதான் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். உங்களுக்குத் தேசவழமை, அதாவது யாழ்ப்பாணத் தமிழரின் வழமைச் சட்டம் பொருந்துமானால், கலியாணத்துக்குப் பின் காசு கொடுத்து வாங்கிய காணி தேடிய தேட்டம். உறுதி அவர் பெயரில் மட்டும் இருப்பது அதை மாற்றாது. 1947இல் திருத்தப்பட்ட சட்டப்படி, ஒருவர் போனால் அதில் பாதி மற்றவருக்கு, மறுபாதி போனவரின் வாரிசுகளுக்கு. மிச்சக் காசையும் அப்படித்தான் பார்க்க வேண்டும்: பாதி உங்களுக்கு, பாதி பிள்ளைகளுக்கு. சீதனமாக உங்கள் பெயருக்கு எழுதிய காணியாக இருந்திருந்தால் கதை வேறு.

சரி, செய்ய வேண்டியது. வங்கிக் கிளைக்கும் தலைமை அலுவலகக் கடன் அறவீட்டுப் பிரிவுக்கும் பதிவுத் தபாலில் எழுதுங்கள். ஏலத்தில் வந்த தொகை, அன்றைக்கு நின்ற கடன், வட்டி, விளம்பரம், ஏலக்காரர் கூலி, மிச்சம் எல்லாவற்றுக்கும் எழுத்தில் கணக்குக் கேளுங்கள். செலவு என்று மொத்தமாக ஒரு தொகை போட்டிருந்தால் பிரித்துக் கேளுங்கள். அந்த வரியில்தான் கண் வைக்க வேண்டும். மரணச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், உறுதி ஆகியவற்றின் பிரதிகளை இணையுங்கள். இரண்டாம் ஈடு யாருக்காவது எழுதியிருந்தால் மறைக்காதீர்கள். அவருடைய கணக்கும் இந்த மிச்சத்தில்தான் பார்க்கப்படும்.

வங்கி பெரும்பாலும் மரணசாதன வழக்கு (போனவரின் சொத்தை வாரிசுகளுக்குப் பிரித்துக் கொடுக்க நீதிமன்றத்தில் போடுவது) போட்டுவிட்டு வரச் சொல்லும். அதற்கு ஒரு சட்டத்தரணி வேண்டும். பேசி வைத்த கட்டணம், மூன்றில் ஒன்று இல்லை. மகன் வரத் தேவையில்லை. ரொறன்ரோவில் உள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில், தனக்காகச் செயற்பட மகளுக்கு அதிகாரம் கொடுக்கும் அற்றோணித் தத்துவம் எழுதி அனுப்பினால் போதும். வங்கி பதிலே போடாவிட்டால் மத்திய வங்கிக்கு முறைப்பாடு அனுப்பலாம்.

அப்புறம், கடிதத்தின் தலைப்பில் நீங்கள் இப்போது இருக்கிற வீட்டு விலாசத்தைப் பெரிய எழுத்தில் எழுதுங்கள்.