டர்பனில் கிரேடு 9: வரலாறு, புவியியலை விட்டுவிடலாமா?

வணக்கம் சகோதரி. மதுரையில் சமூக அறிவியலில் 90க்கு மேல் வாங்கிய மகன் இங்கே தென்னாப்பிரிக்காவில் கிரேடு 9இல் (ஒன்பதாம் வகுப்பில்) 45ஐத் தாண்டவில்லை, கிரேடு 10இல் வரலாறு, புவியியல் இரண்டையும் விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். அவசரப்படாதீர்கள்.

மதிப்பெண் குறைய முக்கியக் காரணம், நம் ஊர்ப் பிள்ளைகள் பாடப்புத்தகத்தை அப்படியே எழுதுவதுதான். இங்கே ஒரு கடிதமோ படமோ கேலிச்சித்திரமோ கொடுத்து, அதிலிருந்து விடையை எடுக்கச் சொல்வார்கள். 1860இல் சென்னையிலிருந்து டர்பன் வந்த ட்ரூரோ கப்பலின் பயணிகள் பட்டியலையே எடுத்துக்கொள்ளுங்கள். பெயர், வயது, சாதி, ஊர் எல்லாம் அதில் உண்டு. 'ஒப்பந்தக் கூலிகளைப் பற்றி அறிய இது எவ்வளவு உதவும்?' என்று கேட்டால், இருப்பதை வரிசையாக எழுதுவது போதாது. எழுதியவர் அரசு அதிகாரி, ஆளை அடையாளம் காண எழுதியது, பெயர்கள் அவர் காதில் விழுந்தபடி பதிவானவை, ஏன் ஊரைவிட்டு வந்தார்கள் என்பது அதில் கிடையாது என்பதையும் சொல்ல வேண்டும்.

வீட்டில் பழக்குவது எளிது. வாரம் மூன்று நாள், ஒரு செய்தித்துணுக்கு, 20 நிமிடம். யார் எழுதியது, எப்போது, யாருக்காக, எதை விட்டிருக்கிறார்கள்? ஒவ்வொன்றுக்கும் சொந்த வார்த்தையில் இரண்டு வரி, 'ஏனென்றால்' என்று காரணத்தோடு. வாட்ஸ்அப்பில் வரும் வதந்தி முதல் வேலை ஒப்பந்தம் வரை எதையும் நிதானித்துப் படிக்கும் பக்குவம் இதில்தான் வரும். எந்தப் படிப்புக்குப் போனாலும் இது கைகொடுக்கும்.

புதிதாக வந்த பிள்ளைக்கு இந்தப் பாடம் இன்னும் அவசியம் என்பேன். டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வொர்த்தில் நம்மவர்கள் ஏன் இவ்வளவு நெருக்கமாக இருக்கிறார்கள் என்பதற்கு விடை, இன வாரியாகக் குடியிருப்பைப் பிரித்த 1950ஆம் ஆண்டுச் சட்டத்தில் இருக்கிறது. ஜூன் 16 விடுமுறைக்குப் பின்னால் ஜோகன்னஸ்பர்க் அருகே சொவெட்டோவில் 1976இல் நிறவெறி அரசை எதிர்த்து நடந்த மாணவர் எழுச்சி இருக்கிறது. இது தெரியாமல் வகுப்புத் தோழர்களோடு எதைப் பேசுவான்?

புவியியலில் 1:50 000 வரைபடம் வரும். 2 செ.மீ. என்றால் 1 கி.மீ., அடுத்தடுத்த உயரக்கோடுகளுக்கு இடையே 20 மீட்டர் உயர வித்தியாசம். கோடுகள் நெருங்கினால் செங்குத்துச் சரிவு. 2022 ஏப்ரல் வெள்ளத்தில் டர்பன் பகுதியில் சரிவிலும் ஆற்றோரத்திலும் இருந்த வீடுகள் எப்படி அடித்துச் செல்லப்பட்டன என்பதை அவனே வரைபடத்தில் காட்டுவான். வாடகைக்கு வீடு பார்க்கும்போது உங்களுக்கும் உதவும்.

ஒரு எச்சரிக்கை. கணக்குக்குப் பதில் 'மேத்தமெட்டிக்கல் லிட்டரசி' (அன்றாட வாழ்க்கைக்கான எளிய கணக்குப் பாடம்) எடுத்தால் பொறியியல், மருத்துவப் படிப்புகளுக்கான வாசல் ஏறக்குறைய மூடிவிடும். கணக்கை வைத்துக்கொண்டே மூன்று விருப்பப் பாடங்களில் ஒன்றாக வரலாறோ புவியியலோ எடுக்கலாம். இயற்பியலோடு எது சேரும் என்பது பள்ளிக்குப் பள்ளி மாறும். படிவம் நிரப்பும் முன் கேட்டுவிடுங்கள்.