தலா உற்பத்தி வேறு, மக்கள் வருமானம் வேறு

கேள்வி: இந்தோனேசிய மாகாணங்களின் வருமான ஏற்றத்தாழ்வை அளக்கத் தலா உற்பத்தி மட்டும் போதுமா?
– பொருளியல் மாணவி, திருச்சி

பதில்: போதாது. கிழக்குக் கலிமந்தானின் தலா உற்பத்தி மிக அதிகம். காரணம் நிலக்கரியும் எண்ணெய், எரிவாயுவும். ஆனால் அந்த லாபத்தின் பெரும்பகுதி உள்ளூர்க் குடும்பங்களுக்குப் போய்ச் சேர்வதில்லை. பப்புவாப் பகுதியில் கிராஸ்பெர்க் தங்க, செம்புச் சுரங்கமே இருக்கிறது. வறுமை விகிதமோ நாட்டிலேயே மிக அதிகம். இந்த அநியாயத்தைச் சராசரி மறைத்துவிடும். எனவே இந்தோனேசியாவின் தேசிய சமூகப் பொருளாதாரக் கணக்கெடுப்பான 'சுசெனாஸ்' தரும் தலா குடும்பச் செலவையும் அருகில் வைத்துப் பாருங்கள்.

பகுதிகளுக்கு இடையிலான வருமான ஏற்றத்தாழ்வை அளக்கும் வில்லியம்சன் குறியீட்டுக்கு, மாகாணத் தலா வருமானத்திலிருந்து நாட்டுச் சராசரியைக் கழித்து, வர்க்கமாக்கி, மக்கள்தொகைப் பங்கால் பெருக்குங்கள். அவற்றைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்துச் சராசரியால் வகுங்கள். மக்களில் 90% பேர் வாழும் மாகாணத்தில் தலா 100, மீதி 10% பேருக்கு 200 என்றால் சராசரி 110. (0.9×100)+(0.1×8100)=900; மூலம் 30; குறியீடு 0.27. பலர் மக்கள்தொகைப் பங்கை விட்டுவிடுகிறார்கள். அப்போது சராசரி 150 ஆகி, விடை 0.33 ஆகிவிடும். சின்னஞ்சிறு பணக்கார மாகாணம் கணக்கையே இழுத்துவிடுகிறது.

கேள்வி: 2022க்குப் பின் என் ஆண்டுவாரி மாகாண எண்வரிசை திடீரென மாறுகிறதே?
– ஆய்வாளர், மதுரை

பதில்: அந்த ஆண்டு பப்புவாப் பகுதியைப் பிரித்ததால் மாகாணங்கள் 34இலிருந்து 38 ஆயின. புதியவற்றோடு அவை பிரிந்த தாய் மாகாணத்தின் உற்பத்தியையும் மக்கள்தொகையையும் தனித்தனியே கூட்டிப் பழைய எல்லைக்குத் திரும்புங்கள். தலா எண்களை நேரடியாகச் சராசரி எடுக்காதீர்கள். விலை வேறுபாட்டையும் சரிக்கட்டுங்கள். பப்புவா மலைப்பகுதிக்குப் பல பொருள்கள் விமானத்தில்தான் போகின்றன.