முதலில் ஆசிரியருக்கு, பிறகு பிள்ளைக்கு

கேள்வி: இலங்கை மலையகத்தில், மஸ்கெலியாப் பகுதியில் ஒரு தேயிலைத் தோட்டப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவு ஆசிரியையாக இருக்கிறேன். மூச்சையும் உடலையும் ஓசையையும் அந்தந்த நொடியில் கவனிக்கப் பழகும் மனவிழிப்புப் பயிற்சியைப் பிள்ளைகளுக்குக் கற்பிப்பது பற்றி ஒரு கருத்தரங்கில் கேட்டுவிட்டு வந்து அதிபரிடம் சொன்னேன். “ஆசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் ஒரு நாள் பட்டறை வையுங்கள், அடுத்த தவணையிலேயே எல்லா வகுப்பிலும் தொடங்கிவிடலாம்” என்கிறார். சக ஆசிரியர்களோ, ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சை வேலைக்கே நேரம் போதவில்லை என்கிறார்கள். சில பெற்றோர் “இது பன்சலைத் தியானமா, பௌத்த விகாரையில் செய்வதா?” என்று கேட்கிறார்கள். பலருக்குக் கூட்டத்துக்கு வந்தால் அன்றைய பேர், அதாவது நாட்சம்பளம், போய்விடும். எங்கிருந்து தொடங்குவது?
— ஓர் ஆசிரியை

அன்புள்ள டீச்சர்,

உங்கள் அதிபரின் ஆர்வத்தை மதிக்கிறேன். ஆனால் ஒரு நாள் பட்டறை வேண்டாம் என்று அவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஒரு நாளில் தகவலைக் கொடுக்கலாம், பழக்கத்தைக் கொடுக்க முடியாது. காலையில் வந்து குறிப்பெடுத்து, மாலையில் சான்றிதழ் வாங்கிப் போகிற ஆசிரியர், மறுநாள் இரைச்சலான வகுப்பில் நின்று, “எல்லோரும் கண்ணை மூடு, மூச்சைக் கவனி, பேசினால் அடி விழும்” என்றுதான் சொல்வார். அவரைக் குறை சொல்ல முடியாது. வகுப்பை அமைதிப்படுத்த அவருக்குத் தெரிந்த வழி அது ஒன்றுதான். பிள்ளைகளோ தியானமும் ஒரு தண்டனை என்று கற்றுக்கொண்டுவிடுவார்கள்.

இன்று உலகெங்கும் பாடசாலைகளுக்குப் போயிருக்கிற பயிற்சிகளில் பெரும்பாலானவை, 1979இல் அமெரிக்காவின் மசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியில் ஜோன் கபாட்-சின் தொடங்கிய வகுப்பை ஒட்டி வளர்ந்தவை. நாட்பட்ட வலியோடும் மன அழுத்தத்தோடும் வந்த பெரியவர்களுக்காக அவர் வைத்தது எட்டு வாரப் பாடம். வாரம் ஒரு முறை சுமார் இரண்டரை மணி நேரம் வகுப்பு. மற்ற நாட்களில் வீட்டில் தாமே பயில வேண்டும். பெரியவர்களுக்கே எட்டு வாரம் தேவைப்பட்டதைப் பிள்ளைகளுக்குக் கற்பிக்க ஆசிரியர் ஒரே நாளில் தயாராகிவிட முடியாது.

இன்னொன்றையும் நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும். பிரிட்டனில் 80க்கு மேற்பட்ட பாடசாலைகளில், 8,000க்கு மேற்பட்ட மாணவர்களிடம் இந்தப் பயிற்சியைச் சோதித்துப் பார்த்து, முடிவுகளை 2022இல் வெளியிட்டார்கள். அங்கே ஆசிரியர்கள் முதலில் தாங்கள் பயின்று, அதன் பிறகுதான் கற்பித்தார்கள். அப்படியிருந்தும், வழக்கமான வாழ்க்கைத்திறன் பாடங்களைப் படித்த பிள்ளைகளைவிட இந்தப் பிள்ளைகளின் மனநலம் மேம்பட்டதாகத் தெரியவில்லை. பெரும்பாலான பிள்ளைகள் வீட்டில் பயிலவே இல்லை. ஏற்கெனவே மனச்சிக்கல் உள்ள பிள்ளைகளுக்கு இது பொருந்தாமல் போகலாம் என்றும் ஆய்வாளர்கள் எச்சரித்தார்கள். பலன் கிடைத்தது ஆசிரியர்களுக்கு: களைப்பும் சலிப்பும் குறைந்தன, பாடசாலைச் சூழலும் சற்றே இளகியது.

இதைப் படித்துவிட்டு நீங்கள் மனம் தளர வேண்டியதில்லை. எனக்கு இதில் ஒரு வழி தெரிகிறது. முதல் தவணை முழுவதையும் ஆசிரியர்களுக்கென்றே ஒதுக்குங்கள். அதுவும் எல்லோரையும் இழுக்காதீர்கள். விருப்பத்தோடு வருகிற நான்கைந்து பேர் போதும். 1.30க்கு மணி அடித்ததும் ஹட்டன் பஸ்ஸைப் பிடிக்க ஓடுகிறவர்களிடம் இரண்டரை மணி நேரம் கேட்க முடியாது. வாரத்தில் ஒரு நாள் முக்கால் மணி நேரம் சேர்ந்து உட்காருங்கள். மற்ற நாட்களில் அவரவர் வீட்டில் பத்து நிமிடம். நடத்திக் கொடுக்கப் பயின்றவர் ஒருவர் வேண்டும், காணொளியை மட்டும் நம்பாதீர்கள். வலயக் கல்விப் பணிமனையில் ஆலோசனை வழிகாட்டலுக்குப் பொறுப்பானவரிடமும், மனநலப் பிரிவு உள்ள அருகிலுள்ள வைத்தியசாலையிலும் விசாரியுங்கள்.

அந்த முக்கால் மணி நேரத்தில் எதைப் பயில்வது? மூச்சு, உடல், ஓசை என்று கவனிக்கப் பழகுவது ஒரு பகுதிதான். மறு பகுதி வகுப்பறையைப் பற்றியது. வீட்டுவேலை செய்யாமல் ஒரு பிள்ளை மூன்றாவது நாளும் வந்து நிற்கிறது. ஆசிரியரின் தாடை இறுகுகிறது, முகம் சூடேறுகிறது, குரல் உயர்கிறது, கை மேசையில் கிடக்கும் பிரம்பைத் தேடுகிறது. சுற்றறிக்கை தடுத்திருந்தும் பிரம்பு இன்னும் பல மேசைகளில் கிடக்கிறது என்பது நம் இருவருக்கும் தெரியும். தாடை இறுகுவதற்கும் கை நீள்வதற்கும் இடையில் இருக்கிற அந்தச் சில நொடிகளைக் கண்டுகொள்வதுதான் ஆசிரியருக்கான பயிற்சி. ஒவ்வொரு வாரமும் அப்படி ஒரு தருணத்தை ஆளுக்கு ஒன்றாகச் சொல்லிப் பேசுங்கள். ஓர் ஆசிரியர் அந்த இடத்தில் ஒருமுறை நின்று மூச்சு விட்டுவிட்டுப் பேசினால், வகுப்பில் இருக்கிற அத்தனை பிள்ளைகளும் அதைப் பார்க்கிறார்கள். எந்தப் பாடநூலும் தர முடியாத பாடம் அது.

அதன் பிறகு பிள்ளைகளிடம் போகலாம். ஆரம்பப் பிரிவுக்கு ஒரு தடவையில் இரண்டு மூன்று நிமிடத்துக்கு மேல் வேண்டாம். மணிக்குப் பதிலாகத் தண்டவாளத் துண்டைத் தொங்கவிட்டிருக்கிற பாடசாலையாக இருந்தால் உங்களுக்கு அதிர்ஷ்டம்தான். அதை ஒரே ஒரு முறை தட்டுங்கள். ஓசை முழுதாக ஓய்ந்துவிட்டது என்று தோன்றும்போது கையை உயர்த்தச் சொல்லுங்கள். முன்வரிசைப் பிள்ளை உடனே உயர்த்தும். இன்னொன்று தலையைச் சாய்த்துக் காத்திருக்கும். கடைசி ரீங்காரத்தை விடாமல் பிடித்து வைத்திருக்கிற பிள்ளை, அநேகமாக நீங்கள் எதிர்பார்த்திராத பிள்ளையாக இருக்கும். யார் சரி என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். “என்ன கேட்டது?” என்று மட்டும் கேளுங்கள். வெளிநாட்டுக் கையேடுகள் அமைதியான தனி மூலை ஒன்றை ஒதுக்கச் சொல்கின்றன. லயம் என்கிற தோட்ட வரிசைக் குடியிருப்பில், ஒற்றைக் காம்பராவில் ஆறு பேர் இருக்கிற வீட்டில் மூலை ஏது? பக்கத்துக் காம்பராத் தொலைக்காட்சியும் தகரத்தில் விழும் மழையும் கேட்கிற இடத்திலேயே செய்யக்கூடியதைத்தான் நாம் கற்பிக்க வேண்டும். அதற்குக் காதால் செய்கிற பயிற்சிதான் பொருத்தம்.

உலர்திராட்சை ஒன்றைக் கையில் வைத்துப் பார்த்து, முகர்ந்து, மெல்ல மென்று சுவைக்கும் பயிற்சி மிகவும் பிரபலம். எங்கள் பிள்ளைகளில் சிலர் காலையில் வெறும் சாயத்தண்ணீரோடு, அதாவது பால் இல்லாத தேநீரோடு, வருகிறார்கள். பசித்த பிள்ளையின் கையில் ஒரு திராட்சையைக் கொடுத்து, உடனே தின்னாதே, பார் என்று சொல்வது கொடுமை. முதலில் வயிறு நிறையட்டும். செய்துதான் ஆக வேண்டுமென்றால், உணவு வேளையில் எல்லோருக்கும் சாப்பாடு கிடைத்த பிறகு, முதல் வாயை மட்டும் மெதுவாகச் சாப்பிடச் சொல்லுங்கள்.

கண்ணை மூடு என்று எந்தப் பிள்ளையையும் கட்டாயப்படுத்தாதீர்கள். இரவில் அடிதடி நடக்கிற வீட்டிலிருந்து வருகிற பிள்ளைக்கும், மண்சரிவைப் பார்த்த பிள்ளைக்கும், கண்ணை மூடினால் அதுவே திரும்ப வரலாம். அவர்கள் ஜன்னல் வழியே மலையைப் பார்க்கட்டும், அல்லது பாதம் தரையில் படுவதைக் கவனிக்கட்டும். மூச்சிழுப்பு உள்ள பிள்ளையிடம் மூச்சைக் கவனி என்று சொன்னால் பயம்தான் கூடும். ஒரு பிள்ளை அழுதாலோ, விறைத்துப்போனாலோ பயிற்சியை நிறுத்திவிட்டு அந்தப் பிள்ளையோடு இருங்கள். வீட்டில் ஆபத்து இருப்பதாகத் தெரிந்தால் அது பயிற்சியால் தீர்கிற விடயமே அல்ல. சிறுவர் பாதுகாப்புக்கு 1929, மனநல உதவிக்கு 1926. இரண்டு எண்களையும் ஆசிரியர் அறையில் ஒட்டிவையுங்கள்.

“பன்சலைத் தியானமா?” என்று கேட்கிற பெற்றோரிடம் மழுப்பாதீர்கள். இதன் வேர் பௌத்தத்தில் இருக்கிறது. நம் நாட்டில் இதைப் பாடசாலைகளுக்குக் கொண்டுபோகிற ‘சதி பாசல’ இயக்கத்தைத் தொடங்கியவரும் உடஈரியகம தம்மஜீவ தேரர் என்ற பௌத்தத் துறவிதான். அந்த இயக்கம் மத வேறுபாடின்றி எல்லாப் பிள்ளைகளுக்கும் என்றே தன்னைச் சொல்லிக்கொள்கிறது. ஆனாலும் சிறுபான்மையாக வாழ்கிற ஒரு சமூகத்துக்கு இந்தக் கேள்வி எழுவது நியாயம். அதைச் சந்தேகப் புத்தி என்று ஒதுக்கிவிட வேண்டாம். சிலை இல்லை, மந்திரம் இல்லை, வணக்கம் இல்லை, எந்த மதத்துப் பாட்டும் இல்லை என்று உறுதி கொடுங்கள். உறுதியைக் காப்பாற்றுங்கள். விருப்பமில்லாத பிள்ளை அந்த இரண்டு நிமிடத்தில் படம் வரையலாம் என்றும் சொல்லுங்கள்.

பெற்றோருக்கு வருவோம். அவர்களைப் பாடசாலைக்கு அழைக்க வேண்டாம், அவர்கள் குடியிருக்கிற தோட்டப் பிரிவான டிவிஷனுக்கு நீங்கள் போங்கள். தோட்டத் தொழிற்சங்கத் தலைவர்மாரிடம் முன்கூட்டியே பேசி, ஞாயிறு காலையில் கோயில் மண்டபத்திலோ பிள்ளை பராமரிப்பு நிலையத்திலோ அரை மணி நேரம் கேளுங்கள். யாருடைய பேரும் போகாது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: அட்டைக் கடியோடு நாள் முழுக்க மலையில் நின்று, மடுவத்தில் கொழுந்து நிறுக்கக் காத்திருந்து, கிலோ குறைந்ததால் அரைநாள் சம்பளமான அரைப்பேர் வாங்கிக்கொண்டு வந்த ஒரு தாயிடம் பொறுமையைப் பற்றி வகுப்பெடுக்கக் கூடாது. அவர் களைத்திருக்கிறார். அந்தக் களைப்புக்குக் காரணம் அவருடைய மனமில்லை.

அவரிடம் கேட்கக்கூடியது ஒன்றே ஒன்று. வேலை விட்டு வந்ததும் எப்படியும் ஒரு கோப்பைச் சாயத்தண்ணீர் குடிப்பார். அந்தக் கோப்பை முடியும்வரை பிள்ளை பக்கத்தில் உட்காரட்டும், தொலைபேசி தள்ளி இருக்கட்டும். பிள்ளை பேசினால் கேட்கட்டும், பேசாவிட்டாலும் உட்கார்ந்திருக்கட்டும். ‘வீட்டுவேலை செய்தாயா’ என்ற கேள்வி கோப்பை முடிந்த பிறகு. மண்டபத்தில் இதை இருவர் இருவராகச் செய்துபார்க்க வையுங்கள்: ஒருவர் இரண்டு நிமிடம் பேச, மற்றவர் புத்தி சொல்லாமல், இடைமறிக்காமல் கேட்க வேண்டும். எவ்வளவு கடினம் என்று அவர்களே சொல்வார்கள். அம்மா மத்திய கிழக்கில், அப்பா கொழும்பில் என்று இருக்கிற வீடுகளில் பாட்டிமார்தான் பெற்றோர். அழைப்பில் அவர்களுடைய பெயரையும் எழுதுங்கள். இல்லாவிட்டால் தங்களுக்கில்லை என்று நினைத்து வராமலே இருந்துவிடுவார்கள்.

புலமைப்பரிசில் பற்றிச் சொல்லும் சக ஆசிரியர்களோடு வாதாட வேண்டாம். இதனால் புள்ளி கூடும் என்று வாக்குறுதியும் கொடுக்காதீர்கள். அப்படிக் கொடுத்தால் பெறுபேறு வந்த அன்றே எல்லாம் முடிந்துவிடும். ஒரு தவணை உங்கள் குழு பயிலட்டும், இரண்டாம் தவணையில் உங்கள் வகுப்பில் மட்டும் தொடங்குங்கள், மூன்றாம் தவணையில் அதிபர் வந்து பார்க்கட்டும்.

பெற்றோருக்கு அனுப்பும் துண்டில் இவ்வளவு போதும்: “அம்மா, அப்பா, பாட்டி, தாத்தா அனைவருக்கும். ஞாயிறு காலை கோயில் மண்டபத்தில் அரை மணி நேரம் உங்களோடு பேச வருகிறோம். பிள்ளைகள் வகுப்பில் அமைதியாகக் கவனிக்கப் பழகுவது பற்றி. இதன் வேர் பௌத்தத்தில் இருந்தாலும், வகுப்பில் சிலையோ மந்திரமோ வணக்கமோ எந்த மதத்துப் பாட்டோ இருக்காது. விருப்பமில்லாத பிள்ளைகள் சேரத் தேவையில்லை. பணம் எதுவும் கொண்டுவர வேண்டாம். கைக்குழந்தைகளையும் கூட்டி வரலாம்.”